பீஷானிலிருந்து மரினா வரை, காலாங் ஆற்றோடு ஒரு நாள்: எப்படிப் போவது

சிங்கப்பூரில் ஒரு பூங்காவை இன்னொன்றோடு சேர்க்கும் நடை, சைக்கிள் பாதைகள், அதாவது பூங்கா இணைப்புப் பாதைகள், முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் ஓடுகின்றன. அதில் ஒன்றே ஒன்றை முழுசாகப் போய்ப் பார்க்க வேண்டுமென்றால் எதைச் சொல்வீர்கள் என்று யார் கேட்டாலும் நான் காலாங் ஆற்றங்கரைப் பாதையைத்தான் சொல்வேன். பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் தொடங்கி, தோ பாயோ, போத்தோங் பாசிர், கோலாம் ஆயர் வழியாக காலாங் ஆற்றங்கரைப் பூங்கா வரைக்கும், இன்னும் தெம்பு இருந்தால் மரினா அணைக்கட்டு வரைக்கும் போகலாம். பீஷானிலிருந்து நகரம் வரை ஏறத்தாழ 10 கிலோமீட்டர். பாதை முழுக்கத் தளம் போட்டது, பெரிய ஏற்றம் இறக்கம் எதுவும் இல்லை. குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு போகிறவர்களும் சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் இதில் பெரும்பகுதியைப் போய்விட முடியும்.

நம் ஆட்கள் நிறைய பேர் பீஷான் பூங்காவுக்குப் போவார்கள், ஆற்றோரம் படம் எடுப்பார்கள், பிள்ளைகளை விளையாட விடுவார்கள், திரும்பி வந்துவிடுவார்கள். அந்த ஆறு பூங்காவைத் தாண்டி எங்கே போகிறது என்று தொடர்ந்து போய்ப் பார்ப்பவர்கள் குறைவு. எனக்கு இதில் ஆதங்கம் உண்டு. பூங்காக்களை விட அவற்றுக்கு நடுவில் இருக்கும் பாதையில்தான் இந்த ஊரைப் பற்றித் தெரிந்துகொள்ள அதிகம் இருக்கிறது. அதனால் இதை எப்படிப் போவது என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் திசை. மேலிருந்து கீழே போங்கள், அதாவது பீஷானில் தொடங்கி ஆறு ஓடும் பக்கமாகவே மரினாவை நோக்கி. எதிர்த்திசையிலும் போகலாம், தடை ஒன்றும் இல்லை, ஆனால் ஆறு போகும் வழியிலேயே போனால்தான் அது மாறுவது கண்ணுக்குத் தெரியும். லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்திலிருந்து வரும் காலாங் ஆறு சுமார் 10 கிலோமீட்டர் நீளம், சிங்கப்பூரின் மிக நீளமான ஆறு இதுதான். இத்தனை சின்ன நீளத்துக்குள் புல்வெளி நடுவே வளைந்து ஓடும் ஓடையாகவும், கான்கிரீட் சுவர்களுக்கு நடுவில் போகும் வாய்க்காலாகவும், கடைசியில் படகு விடும் அளவுக்கு அகன்ற நீர்த்தேக்கமாகவும் அது மூன்று விதமாகத் தெரிகிறது.

எந்த நேரத்தில் கிளம்புவது? இங்கே வருஷம் முழுக்கச் சூரியன் ஏறத்தாழ காலை ஏழு மணிக்குத்தான் எழும்புகிறது. ஏழுக்குக் கிளம்பினால் நடப்பவர்கள் பத்து மணிக்குள் காலாங் ஆற்றங்கரைப் பூங்காவை எட்டிவிடலாம். நடைக்கு இரண்டரையிலிருந்து மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், சைக்கிளில் நிதானமாகப் போனால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. நின்று பார்க்க எவ்வளவோ இருப்பதால் இரண்டு கணக்கோடும் இன்னொரு மணி நேரத்தைச் சேர்த்துக்கொள்வது நல்லது. பத்து மணிக்கு மேல் வெயில் ஏறிவிடும், நடுவில் நிழலே இல்லாத துண்டுகள் இருக்கின்றன. மாலையில் போகிறவர்கள் ஐந்து மணிக்குக் கிளம்பலாம், ஆனால் இங்கே பிற்பகல் இடிமழை எப்போது வேண்டுமானாலும் வரும், நவம்பரிலிருந்து ஜனவரி வரை இன்னும் அதிகம். கிளம்புவதற்கு முன்னால் மைஇஎன்வி (myENV) என்ற வானிலைச் செயலியில் மழை வரைபடத்தைப் பார்த்துவிடுங்கள், மின்னல் எச்சரிக்கையும் அதிலேயே வரும்.

என்னென்ன எடுத்துக்கொள்வது என்று பெரிய பட்டியல் தேவையில்லை. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி, மடிக்கிற குடையோ மழைச்சட்டையோ ஒன்று, அவ்வளவுதான். இங்கே குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம் என்பதால் காலிப் போத்தலை வழியில் நிரப்பிக்கொள்ள முடியும். சைக்கிள் என்றால் பிரேக்கையும் டயர் காற்றையும் பார்த்துவிடுங்கள். இருட்டும் நேரத்தில் ஓட்டுவதானால் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் இருந்தாக வேண்டும், அது சட்டம். சொந்தமாகச் சைக்கிள் இல்லாதவர்கள் எனிவீல், ஹலோரைட் போன்ற வாடகைச் சைக்கிள்களைச் செயலி வழியாக எடுக்கலாம். திருப்பி விடும்போது மட்டும் முறையான நிறுத்துமிடத்தில் வைத்து அங்கே இருக்கும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்துவிடுங்கள், இல்லையென்றால் கூடுதல் கட்டணம் பிடிப்பார்கள்.

பீஷான் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து பூங்காவுக்குப் பேருந்தில் சில நிமிடம், நடந்தால் கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம். பூங்கா 62 ஹெக்டர், பெரியது, அதனால் ஆற்றைத் தேடி நேராக அதன் கரைக்கே வந்துவிடுங்கள். இங்கே அவசரப்படக் கூடாது. 1988இல் இந்தப் பூங்கா திறந்தபோது பக்கத்தில் இருந்தது 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேர்கோடாகப் போன ஒரு கான்கிரீட் கால்வாய்தான். பொதுப் பயனீட்டுக் கழகம் 2006இல் தொடங்கிய நீர்நிலைத் திட்டத்தின் கீழ், தேசியப் பூங்காக் கழகத்தோடு சேர்ந்து அந்தக் கால்வாயை உடைத்து, 3 கிலோமீட்டருக்கு வளைந்து நெளிந்து ஓடும் ஆறாக மாற்றி, 2012இல் மறுபடி திறந்தார்கள். உடைத்த கான்கிரீட்டைக்கூட வீணாக்கவில்லை, அதை வைத்தே பூங்காவுக்குள் ஒரு மேடு கட்டியிருக்கிறார்கள். அதன் மேல் ஏறி நின்று பாருங்கள், ஆறு வளைந்து போகும் வடிவம் முழுசாகத் தெரியும்.

கரையோரத்தில் செடிகளும் கற்களும் தன்பாட்டில் கிடப்பதுபோல் இருந்தாலும் எல்லாம் யோசித்து வைத்தவை. கரை அரிக்காமல் வேர்கள் பிடித்துக்கொள்ளும்படி பல முறைகளை முதலில் ஒரு சிறிய நீளத்தில் சோதித்துப் பார்த்து, எது நிற்கிறதோ அதைத்தான் முழு ஆற்றுக்கும் செய்திருக்கிறார்கள். சாதாரண நாளில் சின்ன ஓடையாகத் தெரியும் இது, பெருமழை பெய்தால் இரண்டு பக்கப் புல்வெளியையும் எடுத்துக்கொண்டு அகலமான இடத்தில் நூறு மீட்டர் வரைக்கும் விரியும். பழைய கால்வாயின் அகலம் 17லிருந்து 24 மீட்டர்தான். அதாவது நீங்கள் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் புல்வெளி, மழைக்காலத்தில் ஆற்றுக்குச் சொந்தமான இடம்.

அதனால் இந்த ஒரு விஷயத்தைத் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: மழை தொடங்கினால், அல்லது மேலே லோவர் பியர்ஸ் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தால், தண்ணீர் ஓரத்திலிருந்து உடனே மேலே ஏறிவிடுங்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு துளி விழாமலேயே தண்ணீர் மட்டம் ஏறலாம். எச்சரிக்கை விளக்கும் சங்கொலியும் அறிவிப்பும் உண்டு, சிவப்புக் குறியிட்ட தூண்களும் இருக்கின்றன, ஆனால் அவை ஒலிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் கல் தாண்டி விளையாடும் இடங்களில் பெரியவர் ஒருவர் கூடவே நிற்கட்டும்.

நீர்நாய்களைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். ஆமாம், இந்த ஆற்றில் இருக்கின்றன, குடும்பம் குடும்பமாகப் போகும், காலையிலும் மாலையிலும் பார்க்க வாய்ப்பு அதிகம். இன்ன இடத்தில் இன்ன நேரத்தில் வரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, மேலிருந்து மரினா வரைக்கும் ஆறு முழுக்க அவற்றின் வீடு. பார்த்தால் அப்படியே நில்லுங்கள். கிட்டே போகாதீர்கள், ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள், நாயோடு வந்தவர்கள் கயிற்றைச் சுருக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். குட்டிகள் கூட இருந்தால் பெரிய நீர்நாய்கள் பாய்ந்து கடிக்கவும் செய்யும். எதற்கும் சாப்பாடு போடாதீர்கள், இங்கே காட்டு விலங்குகளுக்கு உணவு கொடுப்பது குற்றம். நாரை, கொக்கு, மீன்கொத்தி, நீளமான உடும்பு எல்லாம் வழியில் வரும். உடும்பைக் கண்டு பிள்ளைகள் அலறினால் பயப்பட ஒன்றும் இல்லை என்று சொல்லி, அதற்கு வழி விட்டு ஒதுங்கினால் போதும், அது தன் வழியே போய்விடும்.

பூங்காவை விட்டு வெளியே வந்ததும் ஆறு மறுபடி கான்கிரீட் சுவருக்குள் போய்விடும். இங்கேதான் நிறைய பேர் திரும்பிவிடுகிறார்கள். திரும்பாதீர்கள், வலப்பக்கமோ இடப்பக்கமோ ஆற்றை விடாமல் பிடித்துக்கொண்டு பூங்கா இணைப்புப் பலகைகளைப் பார்த்துப் போங்கள். பீஷான் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளின் முதுகுப்புறமாகப் பாதை போகும். மேலே துணி காயும், கீழே வயதானவர்கள் கைவீசி நடந்துகொண்டிருப்பார்கள், யாராவது ஒருவர் காலை வணக்கம் சொல்லுவார். இந்தத் துண்டில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு என் பதில், இவர்கள்தான். இந்தப் பாதை முதலில் இவர்களுக்காகத்தான் போடப்பட்டது. 1990களில் பூங்கா இணைப்பு என்ற எண்ணமே இந்த ஊரில் வேலையாக மாறத் தொடங்கியபோது முதலில் கை வைத்த ஆறுகளில் இது ஒன்று. வாய்க்காலைப் பராமரிக்க ஏற்கெனவே ஒதுக்கியிருந்த ஓரத்து நிலத்தையே நடைபாதையாக மாற்றிவிட்டார்கள், நிலம் இல்லாத ஊருக்கு அது ரொம்பப் புத்திசாலித்தனமான வழி.

பிராடல் சாலையைத் தாண்டியதும் ஒரு பக்கம் தோ பாயோ, கொஞ்ச தூரத்தில் மறுபக்கம் போத்தோங் பாசிர். தமிழர்களாக நமக்கு இந்தத் துண்டில் ஒரு தனிச் சலுகை உண்டு. தோ பாயோ லோரோங் 8இல் வைராவிமட காளியம்மன் ஆலயம், போத்தோங் பாசிர் அவென்யூ 2இல் சிவதுர்கா ஆலயம், இரண்டுமே பாதையிலிருந்து சற்று விலகிப் போனால் எட்டிவிடும் தூரம். இன்னும் கீழே, காலாங் சாலையில் மன்மத காருணீஸ்வரர் ஆலயம் இருக்கிறது. ஒரே ஆற்றின் கரையோரமாக மூன்று கோயில்களைக் காலை நடையிலேயே கும்பிட்டுவிட்டு வரலாம். அதற்கு ஆசைப்பட்டால் இன்னும் முன்கூட்டியே கிளம்புங்கள், பெரும்பாலும் நண்பகல் வாக்கில் நடை சாத்திவிடுவார்கள். வியர்த்துப்போன டீ-சர்ட்டுக்கு மாற்றுத் துணி ஒன்று பையில் இருந்தால் உள்ளே போகச் சங்கடமாக இருக்காது. அரைக்கால் சட்டையோடு ஓடுகிறவர்கள் ஒரு வேட்டியோ துண்டோ சுருட்டி வைத்துக்கொள்ளலாம், இடம் அடைக்காது.

இங்கே களைத்துவிட்டால் நிறுத்திக்கொள்வதும் எளிது, போத்தோங் பாசிர் எம்ஆர்டி பக்கத்திலேயே இருக்கிறது. பொதுவாகவே இந்தப் பாதையில் எந்த இடத்திலும் நிலையத்திலிருந்து ரொம்பத் தூரம் இருக்க மாட்டீர்கள். மேலே பீஷான், நடுவில் போத்தோங் பாசிர், அப்புறம் பூன் கெங், கேலாங் பாரு, கீழே காலாங், ஸ்டேடியம். வயதான அப்பா அம்மாவோடு போகிறவர்கள் முழுசாகப் போயாக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். இரண்டு நிலையங்களுக்கு நடுவிலுள்ள ஒரு துண்டை மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொண்டு, அடுத்ததை இன்னொரு நாளைக்குத் தள்ளிவையுங்கள். மடிப்புச் சைக்கிள் வைத்திருக்கிறவர்களுக்கு இன்னும் வசதி. மடித்தபின் 120க்கு 70க்கு 40 சென்டிமீட்டருக்குள் அடங்கினால் எம்ஆர்டியில் எந்த நேரமும் ஏற்றலாம்.

செயின்ட் ஆண்ட்ரூஸ் பள்ளி வளாகத்தைத் தாண்டியபின் இந்தப் பயணத்தின் சிரமமான பகுதி வருகிறது. தீவு விரைவுச்சாலை, சிராங்கூன் சாலை, காலாங் பாரு என்று பெரிய சாலைகள் ஆற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகின்றன. பீஷானிலிருந்து நகரம் வரை தடையில்லாமல் போக வேண்டும் என்று 2017இல் நகர மறுசீரமைப்பு ஆணையம் திட்டம் அறிவித்து, சாலைக்கு அடியிலும் மேலேயும் வழி அமைக்கும் வேலைகள் நடந்துவந்திருக்கின்றன. அதனால் பழைய வரைபடத்தையோ யாரோ எப்போதோ சொன்ன வழியையோ நம்பாமல், அங்கே வைத்திருக்கும் மாற்றுவழிப் பலகையைப் பார்த்துப் போங்கள். பலகை சாலையோரமாகத் திருப்பினால் திரும்புங்கள், போக்குவரத்து விளக்கில் கடந்து, மறுபக்கம் ஆற்றைத் திரும்பப் பிடியுங்கள். குறுக்கே ஓடிக் கடக்கும் எண்ணமே வேண்டாம். சைக்கிளில் வருகிறவர்கள் கடக்குமிடத்தில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, நடக்கும் வேகத்தில் கடக்க வேண்டும். இறங்கித் தள்ளச் சொல்லும் பலகை இருந்தால் இறங்கித் தள்ள வேண்டும்.

சிராங்கூன் சாலையைத் தொட்டதும் தேக்கா பக்கம் போய்விடலாமா என்று தோன்றும். அந்தச் சாலையிலேயே நேராகப் போனால் வடபத்திரகாளியம்மன் கோயில், பெருமாள் கோயில், அப்புறம் லிட்டில் இந்தியா. தோசைக்கு ஆசைப்பட்டு அப்படியே போய் நடையை அங்கேயே முடித்துக்கொள்பவர்களும் உண்டு, தப்பில்லை. ஆனால் என்னைக் கேட்டால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். ஆற்றோரமாகவே கீழே வந்தால் பெண்டிமியர் உணவங்காடி நிலையமும் கேலாங் பாரு உணவங்காடி நிலையமும் அக்கம்பக்கத்திலேயே இருக்கின்றன. ஒரு தே தாரிக்கை (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) கையில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்து காலை நீட்டுங்கள். இந்த நிலையங்களைத் துப்புரவுக்காக அவ்வப்போது மூடுவார்கள், பசியோடு போய் ஏமாறாமல் இருக்க முந்தைய நாளே இணையத்தில் பார்த்துவிடலாம்.

கோலாம் ஆயர் நீர்முகப்பு 2008இல் திறந்தது. அந்த நீர்நிலைத் திட்டத்தில் முதலில் முடிந்த இடங்களில் இதுவும் ஒன்று. தண்ணீருக்கு மேல் மிதக்கும் மேடையில் போய் நிற்கலாம். இங்கே நின்று தண்ணீரைக் கவனியுங்கள், ஓட்டம் ஏறக்குறைய நின்றுபோயிருக்கும். மேலே பீஷானில் கல்லில் மோதிச் சத்தம் போட்ட அதே ஆறுதான். கீழே மரினா அணைக்கட்டு கடலை வெளியே நிறுத்திவைத்திருப்பதால் இங்கே அது நீர்த்தேக்கத்தின் வாலாகிவிட்டது. 2008க்கு முன்னால் இந்தப் பகுதியில் கடல் ஏற்றவற்றம் தெரியும், உப்பு நீர் உள்ளே வரும். இப்போது இது சுத்திகரித்துக் குடிநீராகப் போகும் தண்ணீர். அதனால்தான் கரையில் குப்பை போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குத் தாங்க முடிவதில்லை, நாம் வீட்டில் திறக்கும் குழாய்க்குத்தான் இது வந்து சேர்கிறது.

பாதை ஒழுங்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இங்கிருந்து கூட்டம் கூடும். இடப்பக்கமாகவே போங்கள், முந்துவதென்றால் வலப்பக்கம். பூங்கா இணைப்புப் பாதையில் சைக்கிளுக்கு அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர், சாதாரண நடைபாதையில் 10. அது உச்ச வரம்பு. ஞாயிறு காலையில் பிள்ளைகளும் நாய்களும் நிறைந்த பாதையில் 25இல் போவது முறையல்ல, பத்துக்கு இறக்குங்கள். நடப்போருக்கென்று தனியாகக் கோடு போட்ட பாதை சைக்கிள் பாதைக்குப் பக்கத்திலேயே இருந்தால் அதில் சைக்கிள் ஏறக் கூடாது, 2025 ஜூலை முதல் அது குற்றம். மின்ஸ்கூட்டர் நடைபாதையில் கூடாது, சைக்கிள் பாதையிலும் பூங்கா இணைப்பிலும் மட்டும்தான். மணியை ஒரு முறை மெதுவாக அடித்துவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள், பெரியவர்கள் திரும்பிப் பார்த்து ஒதுங்க நேரம் எடுக்கும். நடப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: நான்கு பேர் கைகோத்துப் பாதையை அடைத்துக்கொண்டு போகாதீர்கள், இரண்டு காதிலும் ஒலிப்பான் மாட்டிக்கொண்டு நடுவில் நடக்காதீர்கள்.

காலாங் ஆற்றங்கரைப் பூங்காவில் வானம் சட்டென்று திறந்துகொள்ளும். எதிரே தேசிய விளையாட்டரங்கின் பெரிய கூரை, தண்ணீரில் படகு வலிக்கிறவர்கள், பின்னால் நகரத்தின் கட்டடங்கள். பாதையை முடித்துக்கொள்ள இதுவே நல்ல இடம், காலாங் எம்ஆர்டி கிட்டவே இருக்கிறது. உட்காரும்போது பிள்ளைகளுக்கு இந்த இடத்தின் கதையைச் சொல்லுங்கள். ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் 1819இல் வருவதற்கு முன்பே இந்த முகத்துவாரத்தில் படகிலேயே வாழ்ந்த ஓராங் காலாங் மக்கள் இருந்தார்கள். பின்னாளில் எரிவாயு ஆலை வந்தது, மரமறுக்கும் ஆலைகள் வந்தன, படகு கட்டும் பட்டறைகள் வந்தன, 1937இல் விமான நிலையமே பக்கத்தில் வந்தது. பண்ணைக் கழிவும் ஆலைக் கழிவும் சேர்ந்து ஆறு நாறிப்போய், 1977இலிருந்து 1987 வரை பத்தாண்டுகள் எடுத்துச் சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் படுகையையும் சுத்தம் செய்தார்கள். தாத்தா பாட்டி இருந்தால் அவர்களையே கேளுங்கள், அந்த நாற்றத்தை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இன்னும் கால் வலிக்கவில்லை என்றால் மெர்டேக்கா பாலப் பக்கமாக ஸ்டேடியம், தஞ்சோங் ரூ என்று கரையைச் சுற்றிக்கொண்டு மரினா அணைக்கட்டு வரை தொடரலாம். இந்தத் துண்டு சைக்கிளுக்கு ஏற்றது, நடப்பவர்களுக்கு வெயில் படுத்தும். பே ஈஸ்ட் பூங்கா பக்கம் நிறுவனர் நினைவகக் கட்டுமானம் நடப்பதால் சில இடங்களில் வழி மாற்றிவிட்டிருப்பார்கள், பலகையைப் பாருங்கள். அணைக்கட்டு 350 மீட்டர் நீளம், ஒன்பது மதகுகள். தீவின் நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கில் விழும் மழை இந்த நீர்த்தேக்கத்துக்குத்தான் வடிகிறது. அதன் புல்வெளிக் கூரை மேல் ஏறினால் ஒரு பக்கம் நீங்கள் வந்த நன்னீர், மறுபக்கம் கடல். காற்று நன்றாக இருக்கும், பட்டம் விடுகிறவர்கள் இருப்பார்கள்.

திரும்புவதற்கு கார்டன்ஸ் பை தி பே எம்ஆர்டிக்கு நடந்துவிடுங்கள், அல்லது அணைக்கட்டு வாசலிலேயே 400ஆம் எண் பேருந்தைப் பிடித்து மரினா பே நிலையத்துக்குப் போங்கள். காரைப் பீஷானில் நிறுத்திவிட்டு வந்தவர்களுக்குத் தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் பாதைதான் வசதி, ரயில் மாறாமல் பிரைட் ஹில் நிலையத்தில் இறங்கினால் பூங்காவின் மேற்கு ஓரத்துக்கு நடந்தே போய்விடலாம்.